ஏப்ரலின் நான்காவது சனிக்கிழமைக்கு முன்

தென் ஒன்ராறியோவில் பழுப்பு ட்ரவுட்டையும் ஓடை ட்ரவுட்டையும் தூண்டிலிட்டுப் பிடிக்கும் பருவம் பொதுவாக ஏப்ரல் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை தொடங்கி, செப்டெம்பர் 30ஆம் திகதி முடிகிறது. அந்தச் சனிக்கிழமை அரசு குறித்த நாள். ஆறு குறிக்கும் நாள் பெரும்பாலும் அதற்குப் பின்னால், நீரின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸை எட்டும்போது வருகிறது. பூச்சியைப் போல முள்ளில் கட்டிய செயற்கை ஈயால் மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங் செய்பவர் இந்த இரண்டு நாட்களுக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டும். முதல் நாளுக்குப் பழுதில்லாத உபகரணமும் குளிரிலிருந்து உடலைக் காக்கும் ஏற்பாடும் வேண்டும். இரண்டாம் நாளுக்குச் சரியான ஈக்களும் காத்திருக்கும் மனமும் வேண்டும். இரண்டுக்குமான வேலையை மார்ச் மாதத்திலேயே, முற்றத்தில் பனி கிடக்கும்போதே, வீட்டு மேசையில் தொடங்கிவிடுவது நல்லது.

ஓரிரு பருவங்கள் ஆற்றில் இறங்கிப் பழகி, கடந்த இலையுதிர் காலத்தில் கோலையும் ரீலையும் நிலக்கீழ் அறையில் வைத்துவிட்டு மறந்துபோனவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் பெரும்பாலும் மீன் பிடிப்பது கிராண்ட் ஆற்றில், ஃபெர்கஸ், எலோரா ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதியில். 1942இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாண்ட் அணை, பெல்வுட் ஏரியின் அடியாழத்திலுள்ள குளிர்ந்த நீரைக் கோடையிலும் வெளியே விடுவதால்தான் அங்கே பழுப்பு ட்ரவுட் தாக்குப்பிடிக்கிறது. கிரெடிட் ஆறு போன்ற பிற குளிர்நீர் ஆறுகளுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். நுவரெலியாவின் ஓடைகளிலும் நீலகிரியிலும் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் ஆறு பனிக்கட்டியாக உறைந்து, மாதக்கணக்கில் கோலைத் தொடாமல் இருந்து, பிறகு மறுபடி தொடங்கும் பழக்கம் நமக்குப் புதியது. அதனாலேயே இந்த முன்னேற்பாட்டை நம்மவர் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கயிற்றிலிருந்து தொடங்குங்கள்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகிறது. ஃபிளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டிய ஈக்கு அப்படி இழுத்துச் செல்லும் கனம் கிடையாது. பிளாஸ்டிக் பூச்சுக்கொண்ட தடித்த கயிற்றின் கனத்தைத்தான் நாம் வீசுகிறோம், ஈ அதன் பின்னால் போகிறது. ஆகவே மற்ற எதையும்விடக் கயிற்றின் நிலையே வீச்சின் தரத்தைத் தீர்மானிக்கிறது. குளிர்காலம் முழுவதும் ரீலில் சுருண்டு கிடந்த கயிறு கம்பிச்சுருள் போல வளையம் வளையமாக நிற்கும். கடந்த பருவத்தின் அழுக்கும் பாசியும் அதன் மேல் படிந்திருக்கும். அழுக்கேறிய கயிறு கோலின் வளையங்களில் வழுக்கிச் செல்லாது, நீரில் நுனி மிதக்காது.

ஓர் அகன்ற பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரை எடுத்து, காரம் குறைந்த சவர்க்காரத்தில் சில துளிகள் விட்டு, கயிற்றை ரீலிலிருந்து தளர்வான வளையங்களாக அதனுள் இறக்குங்கள். கால் மணி நேரம் ஊறிய பின் மென்மையான துணியை மடித்து, அதன் நடுவே கயிற்றை மெல்ல இழுங்கள். துணியில் படியும் கறுப்புக் கோடு எவ்வளவு அழுக்கோடு நீங்கள் வீசிக்கொண்டிருந்தீர்கள் என்பதைக் காட்டிவிடும். பிறகு நல்ல நீரில் அலசி, உலர்த்தி, ஒவ்வொரு மீற்றராக இரு கைகளாலும் பிடித்து அழுத்தமாக, ஆனால் வெட்டி இழுக்காமல், நீட்டிவிட்டால் சுருள் நினைவு போய்விடும். இழுக்கும்போதே முதல் 9 மீற்றரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். அந்தப் பகுதியில் பூச்சு வெடித்திருந்தால் நீர் உள்ளே புகுந்து நுனி மூழ்கும். அந்தக் கயிற்றை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கொசுவை விரட்டப் பூசும் டீட் கலந்த மருந்து இந்தப் பூச்சைக் கரைக்கக்கூடியது என்பதால், மருந்து பூசிய விரலால் கயிற்றைத் தொடும் பழக்கத்தை இந்தப் பருவத்தோடு விட்டுவிடுங்கள்.

கயிறு முழுவதும் வெளியே இருக்கும் இந்தச் சமயத்தில், அதற்கு அடியில் ரீலில் சுற்றியிருக்கும் பின்கயிற்றையும் இரண்டையும் இணைக்கும் முடிச்சையும் இழுத்துப் பாருங்கள். பெரிய மீன் ஓடும் நாளில்தான் அந்த முடிச்சு வெளியே வரும். அன்று அது தளர்ந்திருப்பது தெரியவந்து பயனில்லை.

லீடரும் டிப்பெட்டும்

கயிற்றின் நுனியில் கட்டும் லீடர் என்பது தடிப்பிலிருந்து மெலிவுக்குக் குறுகிச் செல்லும் நைலோன் தங்கூசி. அதன் முனையில் இணைப்பது டிப்பெட் எனப்படும் மிக மெல்லிய துண்டு. கடந்த ஆண்டின் லீடரைத் தயக்கமின்றிக் கழற்றி எறியுங்கள். டிப்பெட் சுருள்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சாண் துண்டை வெட்டி, நடுவில் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, இரு புறமும் இழுங்கள். சிரமமின்றி அறுந்தால் அந்தச் சுருள் கெட்டுவிட்டது. வெயிலின் புறஊதாக் கதிரால் நைலோன் வலுவிழக்கும். ஃபுளூரோகார்பன் என்னும் இழை அதைவிட நெடுநாள் தாங்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் மனத்தை உறுத்துகிறது. என் இரண்டாவது பருவத்தில், முந்தைய கோடை முழுவதும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்த டிப்பெட்டையே பயன்படுத்தினேன். மே மாதத் தொடக்கத்தில் ஒரு பாறையின் பின்னாலிருந்து எழுந்த ட்ரவுட் என் ஈயை எடுத்தது. கோலை உயர்த்திய அடுத்த கணமே தங்கூசி அறுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதே சுருளை விரலால் இழுத்தபோது நூல்போல அறுந்தது. ஒரு மீனை இழந்ததைவிட, என் கவனக்குறைவால் அது தாடையில் முள்ளோடு போனதே என்னை வருத்தியது. சில வெள்ளிகள் கொடுத்துப் புதிய சுருள் வாங்கியிருந்தால் நேர்ந்திருக்காத தவறு அது.

டிப்பெட்டின் தடிப்பைக் குறிக்கும் எண்களில் குழம்புபவர்களுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. எக்ஸ் என்பதற்கு முன் வரும் எண்ணை 11இலிருந்து கழித்தால், தடிப்பு அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். 5எக்ஸ் என்றால் 0.006 அங்குலம், ஏறக்குறைய 0.15 மில்லிமீற்றர், 4எக்ஸ் என்றால் 0.007 அங்குலம். வசந்த காலத்து ஆற்றுக்கு 9 அடி லீடரும் 4எக்ஸ், 5எக்ஸ் டிப்பெட்டும் போதும். புதிய டிப்பெட்டை இணைக்கும்போது முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைக்க மறக்காதீர்கள். உலர்ந்த முடிச்சு இறுகும்போது உராய்வுச் சூட்டில் தங்கூசியின் வலு குறைகிறது.

கோலுக்கும் ரீலுக்கும் அதிக நேரம் தேவையில்லை. ஒவ்வொரு வளையத்தினுள்ளும் பஞ்சுக் குச்சியை நுழைத்துச் சுற்றுங்கள். எங்கே பஞ்சு இழை சிக்குகிறதோ அங்கே கீறல் இருக்கிறது, அது கயிற்றை அரித்துவிடும். கோலின் துண்டுகள் பொருந்தும் இடத்தைத் துடைத்து, உள்ளே நுழையும் பக்கத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால், வீசும்போது துண்டு கழன்று பறக்காது. தக்கைப் பிடியைச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ரீலில் திறந்த பல்லமைப்பு இருந்தால் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். மூடி முத்திரையிட்ட அமைப்பாக இருந்தால் கைவைக்க வேண்டாம்.

நீர்புகா உடை

ஏப்ரல் மாத ஆற்றில் மார்பளவு நீர்புகா உடையான வேடர்ஸில் ஊசித்துளை இருந்தாலும் அன்றைய நாள் முடிந்துவிடும். 4 பாகை நீர் காலுறைக்குள் கசிந்தால் அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். மரத்த காலால் வழுக்குப் பாறையில் நிற்பது ஆபத்து. ஆகவே உபகரணப் பட்டியலில் கயிற்றுக்கு அடுத்த கவனம் இதற்கே உரியது.

துளையைக் கண்டுபிடிக்க, சைக்கிள் டியூபில் ஓட்டை பார்ப்பது போன்ற வழி ஒன்று உண்டு. உடையின் மேல்வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, ஒவ்வொரு காலாகக் குளியல் தொட்டியின் நீரில் அமிழ்த்திப் பிடித்தால், துளையிலிருந்து குமிழி வரும். காற்று ஊடுருவும் நவீனத் துணியால் ஆனதாக இருந்தால் இதைவிட நுட்பமான வழி இருக்கிறது: உடையை உள்வெளியாகப் புரட்டி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்ககோலைத் தெளிப்பானால் தெளியுங்கள். துளையுள்ள இடம் கரும்புள்ளியாகத் தெரியும். இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும் என்பதால் சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் சுடருக்கும் தொலைவில் செய்ய வேண்டும். புள்ளியைப் பேனாவால் வட்டமிட்டு, உலர்ந்த பின் யூரித்தேன் பசையை வட்டத்துக்குச் சற்று வெளியேயும் படும்படி மெல்லிய படலமாகப் பூசி, ஓர் இரவு முழுவதும் தொடாமல் விடுங்கள். துளைகள் பெரும்பாலும் முழங்கால் உட்புறத்திலும், கால்கள் ஒன்றோடொன்று உரசும் தையலிலும், பாத உறையின் விளிம்பிலும் இருக்கும்.

இடுப்புப் பட்டி இல்லாமல் வேடர்ஸை அணிந்து ஆற்றில் இறங்கவே கூடாது. விழுந்தால் நீர் உள்ளே நிறைவதைத் தடுத்து, எழுந்து நிற்க நேரம் தருவது அந்தப் பட்டிதான். பட்டியின் கொளுவி குளிரில் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். காலணியின் கயிறுகளை மாற்றி, அடிப்புறத்து உலோகக் குமிழ்கள் தேய்ந்திருந்தால் புதியவை பொருத்துங்கள்.

கடந்த ஆண்டின் சேறு காலணியில் காய்ந்திருந்தால் அதை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, முற்றாக உலர்த்திய பிறகே புதிய பருவத்தைத் தொடங்குங்கள். ஓர் ஆற்றின் நோயையும் அயல் உயிரினங்களையும் இன்னோர் ஆற்றுக்குச் சுமந்து செல்வதில் நம் காலணிகளுக்குப் பெரும் பங்குண்டு. ட்ரவுட் குஞ்சுகளைத் தாக்கும் சுழல் நோய் 2016இல் பான்ஃப் தேசியப் பூங்காவில், கனடாவிலேயே முதன்முறையாக, உறுதிசெய்யப்பட்டது. ஆற்றை நேசிப்பவர் தன் காலணியைக் கழுவுவதில் சோம்பல் காட்டக்கூடாது.

ஈப்பெட்டியைத் திறக்கும் நாள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுவே. பெட்டியிலுள்ள ஈக்களை வெள்ளைத் தாளில் கொட்டி, துருப்பிடித்த முட்களை முதலில் ஒதுக்குங்கள். துருவின் சாயம் படிந்த முள் மீனின் எடையில் உடையும். இறகுகள் நசுங்கிப்போன ஈக்களை இடுக்கியால் பிடித்துக் கேத்தலின் ஆவியில் சில விநாடிகள் காட்டினால், அவை மறுபடி விரிந்து நிற்பதைப் பார்க்கலாம். முள் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கிராண்ட் ஆற்றின் சில பகுதிகளில் கூர் நசுக்கிய ஒற்றை முள் கட்டாயம், மற்ற இடங்களிலும் மீனை விரைவாக விடுவிக்க அது உதவுகிறது.

பிறகு எந்தெந்த ஈக்கள் குறைவாக இருக்கின்றன என்று பாருங்கள். பருவத்தின் வரிசையை அறிந்தால் இது எளிது. மார்ச்சில் கரையோரப் பனியின் மேல் சிறிய கருநிறக் கல்லீக்கள் நடந்து திரியும். ஏப்ரலில், மேகமூட்டமான நாட்களில், நீல இறகு ஆலிவ் என்னும் சிறு மேஃபிளைகள் எழும். ஏப்ரல் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை ஹென்ரிக்சன் என்னும் மேஃபிளையின் காலம். அதையொட்டிக் கேடிஸ் பூச்சிகள் வரும். மேஃபிளை தன் வாழ்வின் பெரும்பகுதியை நிம்ஃப் என்னும் இளம்பருவத்தில் ஆற்றின் அடிக்கல்லில் கழித்துவிட்டு, மழைக்குப்பின் ஈசல் புறப்படுவது போல ஒரே நேரத்தில் கூட்டமாக மேலே எழுந்து சிறகு விரிக்கிறது. அந்த எழுச்சியைத்தான் ஃபிளை ஃபிஷிங் செய்பவர்கள் ஹாட்ச் என்று சொல்லி ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார்கள். ஹென்ரிக்சன் என்ற பெயர் பூச்சிக்கு வந்ததே அதைப்போலக் கட்டிய ஈயிலிருந்துதான். நியூயோர்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ரோய் ஸ்டீன்ரொட் 1916இல் அந்த ஈயைக் கட்டி, தன் மீன்பிடித் தோழர் ஆல்பர்ட் ஹென்ரிக்சனின் பெயரைச் சூட்டினார்.

முதல் வாரங்களுக்கு நிம்ஃப் வடிவங்களே பெட்டியில் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங் சாயர் உருவாக்கிய ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை எண் 14, 16 முட்களில் குறைந்தது ஒரு டசின் கட்டுங்கள். அவர் நூலுக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பியால் கட்டினார். அந்தக் கம்பியின் கனமே ஈயை அடிமட்டத்துக்கு இறக்குகிறது. அதோடு முயல்முடியால் கட்டும் ஹேர்ஸ் இயர் நிம்ஃபும், கலங்கிய நீருக்கு வூலி பக்கர் என்னும் கரிய ஈயும் வேண்டும். நீர்ப்பரப்பில் மிதக்கும் ஹென்ரிக்சன் ஈக்களை எண் 12, 14 முட்களில் ஆறேழு கட்டித் தனியே வையுங்கள். கட்டத் தெரியாதவர்கள் இவற்றைக் கடையில் வாங்கலாம். ஆனால் பெப்ரவரி மாத இரவில் விளக்கடியில் அமர்ந்து ஓர் ஈயைக் கட்டி முடிக்கும் மகிழ்ச்சியை ஒருமுறையாவது அனுபவித்துப் பார்க்க வேண்டும்.

பனி கரைந்த புல்வெளியில்

கைக்கும் தோளுக்கும் பழைய அசைவு உடனே திரும்பாது. முட்களுக்குப் பதிலாக லீடர் நுனியில் ஒரு சிறு கம்பளி நூலைக் கட்டி, வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காப் புல்வெளியில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வீசிப் பழகுங்கள். தார்த்தரையில் வேண்டாம், நீங்கள் கழுவிப் பாதுகாத்த கயிற்றை அது தேய்த்துவிடும். தொலைவாக வீச முயல்வது இந்தக் கட்டத்தில் வீண். 8 முதல் 12 மீற்றர் வரை, தரையில் வைத்த ஒரு தட்டின் மேல் நூல் விழும்படி வீச முடிந்தால் கிராண்ட் ஆற்றுக்குப் போதும். பின்வீச்சின் முடிவில் கோலைத் தெளிவாக நிறுத்தி, கயிறு பின்னால் முழுவதும் நீளும் வரை பொறுத்திருந்து, பிறகே முன்னால் கொண்டுவாருங்கள். குளிர்காலத்துக்குப் பின் அனைவரும் மறப்பது இந்தப் பொறுத்திருத்தலையே.

உரிமத்தையும் இந்த நாட்களிலேயே புதுப்பித்துவிடுங்கள். 18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்ராறியோவாசிகளுக்கு அவுட்டோர்ஸ் அட்டையும் மீன்பிடி உரிமமும் தேவை. அட்டை மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதால் அதன் திகதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாகாண அரசு வெளியிடும் மீன்பிடி ஒழுங்குவிதித் தொகுப்பில் உங்கள் வலயத்தையும் குறிப்பிட்ட ஆற்றுக்கான விதிவிலக்குகளையும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாசியுங்கள். கிராண்ட் ஆறு 16ஆம் வலயத்தில் இருக்கிறது. கடந்த ஆண்டின் நினைவை நம்பாதீர்கள்.

முதல் நாளும் ஆற்றின் நாளும்

புறப்படுவதற்கு முந்தைய இரவு கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு அதிகாரசபை இணையத்தில் வெளியிடும் நீரோட்ட அளவைப் பாருங்கள். அது விநாடிக்கு எத்தனை கனமீற்றர் என்று தரப்பட்டிருக்கும். நீங்கள் நிம்மதியாக நின்று மீன் பிடித்த நாட்களின் அளவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், எந்த எண்ணுக்கு மேல் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது ஓரிரு பருவங்களில் தெரிந்துவிடும். பனி உருகும் வெயில் நாட்களில் பிற்பகலில் நீர் உயரும், கலங்கும், அதே சமயம் குளிரவும் செய்யும். வானம் வெப்பமாக இருப்பதால் ஆறும் வெப்பமாகும் என்று நினைக்கக்கூடாது.

விடியலில் போக வேண்டிய அவசியம் இல்லை. இந்தக் காலத்தில் ஆற்றின் நல்ல நேரம் முற்பகல் 11 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 4 மணி வரை நீடிக்கிறது. பருத்தி உடைகளைத் தவிர்த்துக் கம்பளியும் செயற்கை இழையும் அணியுங்கள், ஊன்றுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், முழு மாற்றுடையைக் காரில் வையுங்கள், தொடைக்கு மேல் இறங்காதீர்கள். கூழாங்கற்களுக்கு நடுவே வெளிறிய, சுத்தமான, வட்டமான பரப்பு தெரிந்தால் அதில் கால் வைக்க வேண்டாம். பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்தில் அங்கே முட்டையிட்டிருக்கும். குஞ்சுகள் அந்தக் கற்களுக்கடியில் இன்னும் இருக்கலாம்.

வெப்பமானியை நீரில் இறக்குங்கள். 4, 5 பாகை என்று காட்டினால், மீன் வேகநீரை விட்டு ஆழமான மெதுநீரில் அசையாமல் கிடக்கும். இரைக்காக ஒரு முழம்கூட நகராது. கனமான நிம்ஃபை அடிமட்டத்தில் அடிக்கடி கல்லைத் தொடும்படி, அதே தடத்தில் மறுபடி மறுபடி ஓடவிடுங்கள். மீன் கிடைத்தால் நனைந்த கையால், நீருக்குள்ளேயே வைத்து விடுவியுங்கள். காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளில் படத்துக்காக மேலே தூக்கினால் செவுள் உறைந்து கெடும்.

பிறகு வாரம்தோறும் அதே இடத்தில், அதே நேரத்தில் வெப்பநிலையை எழுதி வாருங்கள். 6, 7, 8 என்று அது ஏறும்போது மீன்கள் மெதுநீரின் விளிம்புக்கு நகர்வதையும், நிம்ஃபை எடுக்கும் விசை கூடுவதையும் உணர்வீர்கள். 10 பாகையைத் தொட்ட நாளில் பிற்பகல் இரண்டு மணியளவில் கோலைக் கரையில் சாய்த்துவிட்டு உட்காருங்கள். சாம்பல் நிறச் சிறகை நிமிர்த்திக்கொண்டு சிறு பாய்மரக் கப்பல்கள் போல ஹென்ரிக்சன்கள் மிதந்து வரத் தொடங்கும். மீன் எழுந்து நீரில் உண்டாக்கும் முதல் வளையம் தெரிந்தவுடன் வீசாதீர்கள். ஒரே இடத்தில் ஒரே மீன் மூன்று முறை எழும் வரை பார்த்து, அது எழும் இடைவெளியை எண்ணி, அதற்குப் பிறகு நிம்ஃபை வெட்டி, எண் 14 ஈயைக் கட்டி, மீனுக்கு ஒரு மீற்றர் முன்னால், நீர் வரும் பக்கத்தில் மெல்ல இறக்குங்கள்.